நுகம் வந்த வழி

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் ஓர் உப்பு வண்டியைக் காட்டுகிறார். பூட்டிய எருதுகள் இளையவை, இன்னும் நுகத்தை உணராதவை. வண்டியிலோ பாரம் அதிகம். போகிற வழியில் பள்ளமும் இருக்கும், மேடும் இருக்கும். என்ன நேருமோ என்று அஞ்சிய உப்பு வணிகரான உமணர்கள் வண்டிக்குக் கீழே இன்னோர் அச்சைச் சேமமாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுவதற்காகத்தான் ஔவையார் இவ்வளவும் சொல்கிறார். ஆனால் என் கண் அந்த எருதுகளை விட்டு நகர மறுக்கிறது. நுகத்தைக் 'காணாத' என்றோ 'அறியாத' என்றோ சொல்லாமல் 'உணராத' என்கிறாரே, அது மாடு பழக்கியவர்கள் அருகில் இருந்து பார்த்தவரின் சொல். மாடு நுகத்தைக் கழுத்தால்தான் தெரிந்துகொள்கிறது.

இளங்காளையை நுகத்துக்குக் கொண்டுவருவதை வசக்குதல் என்பார்கள். தரிசு நிலத்தைத் திருத்திப் பயிருக்குக் கொண்டுவருவதற்கும் அதே சொல்தான். கன்று வளர்ந்து இரண்டு பல் போட்டு, காயடித்து, மூக்குக் குத்தி, மூக்கணாங்கயிற்றுக்கு இணங்கிய பிறகே வேலை தொடங்கும். முதலில் வெறும் நுகத்தடி மட்டும். கலப்பையும் கிடையாது, வண்டியும் கிடையாது. அனுபவப்பட்ட கிழட்டு மாடு ஒன்றைப் பக்கத்தில் பூட்டி வெயில் ஏறுமுன் மெல்ல நடத்துவார்கள். இளையது பாய்ந்தால் கிழடு கூடவே பாயாது; தடி இளையதின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும். இளையது படுத்துக்கொண்டாலும் கிழடு அசையாமல் நிற்கும். அடித்துச் சொல்லித்தர முடியாததைப் பக்கத்து மாடு பொறுமையாகச் சொல்லித்தருகிறது. அதன்பின் ஒரு கட்டையை இழுக்கவிடுவார்கள், பிறகு ஏற்கெனவே உழுத இளகிய மண், கடைசியில்தான் வண்டியும் பாரமும். வலப்பக்கம் பழகிய மாட்டை இடப்பக்கம் கட்டினால் தடுமாறும். அதனால்தான் வாங்குகிறவர் வலத்து மாடா, இடத்து மாடா என்று கேட்கிறார். அவசரப்பட்டுப் பாரம் ஏற்றிக் கழுத்தில் புண் வந்துவிட்டால், புண் ஆறிய பிறகும் அந்த மாடு நுகத்தைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு விலகும்.

இந்தத் தடிக்கு நுகம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சமஸ்கிருதத்தில் நுகத்தடிக்கு யுகம் என்று பெயர். இணை, சோடி என்ற பொருளும் அதற்கு உண்டு. 'யுஜ்' என்ற வேருக்குப் பூட்டுதல், சேர்த்தல் என்று பொருள். அந்தச் சொல்லின் உறவு வெகு தூரம் பரவியது. லத்தீனில் யுகும், கிரேக்கத்தில் ஸுகோன், ஆங்கிலத்தில் யோக், அனத்தோலியாவில் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட ஹிட்டைட் மொழியில் யூகன். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே. நுகத்தைத் தமிழ் வேரிலிருந்தே பிரித்துக் காட்ட முயன்றவர்களும் உண்டு. அவர்களுடைய மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றுக்கொன்று இவ்வளவு தொலைவில் இருக்கும் மொழிகளில் யகரத்தோடோ, யகரம் திரிந்த ஒலியோடோ நிற்கும் சொல் தமிழிலும் அதன் அண்டை மொழிகளிலும் மட்டும் நகரத்தோடு நிற்கிறது என்றால், மாறியது இங்கேதான் என்று கொள்வதே நேர்மை.

மாறியதற்குக் காரணமும் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் அது. தொல்காப்பிய விதிப்படி, சொல்லின் முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும். யாறு, யாழ், யானை, யாண்டு எல்லாம் சரி. 'யு' என்று ஒரு தமிழ்ச் சொல் தொடங்க வழியே இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து வந்த யகரச் சொல்லை அன்றைய தமிழ் வாய் என்ன செய்தது? சில சமயம் இகரத்தை முன்னால் ஒட்டிக்கொண்டது: யமன் இயமன் ஆனான், யந்திரம் இயந்திரம் ஆனது. சில சமயம் யகரத்தையே உதிர்த்தது: யுக்தி உத்தி ஆனது, யுகமும் உகம் ஆனது. மூன்றாவதாக, யகரத்துக்கு அருகில் ஒலிக்கும் மூக்கொலியைப் பிடித்துக்கொண்டது: யமன் நமன் ஆனான். யுகம் நுகமானது இந்த மூன்றாவது வழியில்தான். யகரத்துக்கு இன்னும் நெருக்கமான மூக்கொலி ஞகரம். அதைத் தேர்ந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தொல்காப்பியம் ஞகரத்தையும் ஆ, எ, ஒ என்ற மூன்று உயிர்களோடு நிறுத்திவிடுகிறது. ஆகவே 'ஞு' என்பதற்கும் இடமில்லை. எல்லா உயிரோடும் சொல்முதலாகத் தடையில்லாமல் வருவது நகரம். அந்த வாசல் வழியாகத்தான் நுகம் உள்ளே வந்தது.

அதே யுகம் இன்னொரு முறையும் தமிழுக்கு வந்தது. பூட்டிய சோடி என்ற பொருள் வேத மொழியிலேயே மனிதத் தலைமுறைக்கும் ஆகிவந்தது. வேதாங்க சோதிடத்தில் அது 5 ஆண்டுகள் கொண்ட ஒரு சுற்று. பின்னால் புராணங்களில் கலியுகத்துக்கு மட்டும் 4,32,000 ஆண்டுகள் என்று நீண்டது. இப்படிப் பஞ்சாங்கத்தின் வழியாகவும் புராணத்தின் வழியாகவும் வந்த யுகத்தை முதலில் உகம் என்று எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியபோது, சொல்முதல் யகரத்துக்கு அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்று ஆறு உயிர்களை அனுமதித்தார். புலவர்களின் சொல் தன் யகரத்தைத் திரும்பப் பெற்றது. உழவரிடம் தங்கிய சொல் நகரத்தோடே இருந்துவிட்டது. இன்று கலியுகம் என்று சொல்லும் யாருக்கும் அதில் ஒரு மாட்டுத் தடி இருப்பது நினைவுக்கு வருவதில்லை. தூரத்தை அளக்கும் யோசனை என்ற பழைய அளவும் இந்தக் குடும்பம்தான்: ஒருமுறை பூட்டி அவிழ்ப்பதற்குள் போகும் தொலைவு.

சொல் கடன் என்பதால் கருவியும் கடன் என்று எண்ணிவிடக் கூடாது. ராஜஸ்தானில் காளிபங்கனில் முற்கால ஹரப்பா அடுக்கிலேயே குறுக்கும் நெடுக்குமாக உழுத சால்கள் வெளிப்பட்டன. மகாராஷ்டிரத்தில் தைமாபாத்தில் 1974இல் கிடைத்த வெண்கலத் தேரை நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகள் இழுக்கின்றன. தெற்கிலோ சாட்சி சொல்வது ஏர் என்ற சொல். ஏர் என்றால் கலப்பை மட்டும் என்று இப்போது நினைக்கிறோம். 'ஓர் ஏர் மாடு' என்று கேட்டால் ஒரு சோடி மாடு என்பது உழவர்களுக்குத் தெரியும். தெலுங்கு ஏருவும் மாடு பூட்டித் தயாராக நிற்கும் கலப்பையைத்தான் குறிக்கும். குறுந்தொகையின் 131ஆம் பாட்டைப் பாடியவருக்குப் பெயரே ஓரேருழவனார். ஈரம் காய்வதற்குள் முழு நிலத்தையும் உழுதுவிடத் துடிக்கும், ஒற்றை ஏர் மட்டுமே உடைய உழவனின் பதற்றத்தை உவமையாக வைத்ததால் அந்தப் பெயர். சோடி சேர்த்துப் பூட்டும் வழக்கம் ஏர் என்ற நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே தேரோடும் வண்டியோடும் வந்த நுகம் என்ற பெயர், பின்னால் உழுபடைக்கும் பரவியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

பெயர் கடனாக வந்தாலும், நுகத்தின் நடுவில் நிற்கும் ஆணிக்குப் பழந்தமிழர் வைத்த பெயர் பகல். பகுத்தல் என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்தது. இரு பக்கமும் சமமாகப் பகுக்கும் இடத்தில் நிற்பதால் அந்தப் பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றிப் பேசும்போது பட்டினப்பாலை இந்த ஆணியைத்தான் உவமையாக எடுக்கிறது: வாங்குவதிலும் கொடுப்பதிலும் ஒரு பக்கம் சாயாத நெஞ்சு, நீண்ட நுகத்தின் நடு ஆணி போன்றது. நான் படித்த உவமைகளில் இதைவிடத் துல்லியமானவை மிகக் குறைவு. ஆணி நடுவில் நின்றால் இரு மாட்டுக்கும் பாரம் பாதிப் பாதி. ஆணியையோ இழுகயிற்றையோ ஒரு பக்கம் நகர்த்தினால், எந்த மாட்டின் பக்கம் நகர்கிறதோ அதற்குப் பாரம் கூடும். பலவீனமான மாட்டைப் பலமான மாட்டோடு சேர்க்கும்போது இந்தக் கணக்கு உதவும். வணிகனின் நேர்மையை எடை போட பட்டினப்பாலையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் தராசைத் தேடாமல் மாட்டுத் தடியைத் தேடியிருக்கிறார்.

பழந்தமிழில் நுகம் என்றால் பாரம், வலிமை, படையின் முன்னணி என்றும் பொருள். கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரமும் நுகம்தான். மக நாளுக்கும் நுகம் என்றொரு பெயர் உண்டு. இவற்றில் எதிலும் இழிவு இல்லை. தாங்குவது பெருமையாக இருந்தது. 624ஆம் குறளில் துன்பத்தையே துன்புறச் செய்பவனுக்கு உவமையாக நிற்பதும், தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்துக் கரையேற்றும் பகடு என்ற எருதுதான். இன்றைய மேடைகளில் நுகத்தடி என்றால் அடிமைத்தனம், முறித்தெறிய வேண்டியது. அந்தப் பொருளின் ஊர் வேறு. கி.மு. 321இல் இத்தாலியின் காடியக் கணவாயில் தோற்ற ரோமானியப் படையைச் சாம்னியர்கள் நுகத்தின் கீழே குனிந்து நடக்கவைத்தார்கள். விவிலியத்திலும் நுகம் பல இடங்களில் அடிமைத்தனத்தின் அடையாளம். தமிழ் விவிலியம் வழியாகவும் ஆங்கிலப் படிப்பு வழியாகவும் அந்தப் பொருள் நம் பேச்சில் ஏறிவிட்டது. விடுதலைப் பேச்சுக்கு அது தேவைப்பட்டது, சரிதான். ஆனால் சங்கத் தமிழைப் படிக்கும்போது நுகம் என்று கண்டவுடனே விலங்கையும் சங்கிலியையும் நினைத்தால் பாட்டு கை நழுவிப் போகும்.

ஊரில் இதை நொகத்தடி என்கிறார்கள். முகம் மொகமாகவும் புகை பொகையாகவும் ஆவதைப் போன்ற வழக்கமான மாற்றம் இது. கன்னடத்தில் அதே உயிரோடு 'நொக' என்று எழுத்திலேயே நிற்கிறது. தெலுங்கில் 'நொக' வண்டியின் ஏர்க்காலைக் குறிக்கப் போய்விட்டது. நுகத்தடிக்கு அவர்களிடம் காடி என்ற வேறு சொல் இருக்கிறது. மலையாளத்தில் நுகம் அப்படியே.

வயலில் இப்போது டிராக்டர் மணிக்கணக்கில் உழுகிறது. இத்தனை ஏர் என்று எண்ணும் கணக்குக்கு வேலை இல்லை. டெல்டாவின் சேற்றுக்கென்றே வளர்ந்த உம்பளச்சேரி மாட்டுக்கும் உழவு வேலை அருகிவிட்டது. ஆனாலும் கொங்கு நாட்டு ரேக்ளா பந்தயங்களிலும், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களிலும் நொகத்தடியும் பூட்டாங்கயிறும் இன்றும் புழங்குகின்றன. பந்தயத்துக்கென்று இளங்காளைகளை வசக்கும் இளைஞர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். நுகத்தின் உறுப்புகளுக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்று சேகரிக்க விரும்புகிறவர்கள் முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான்.