ட்ரிபிள் ஈயா, ஈசிஇயா? மதுரைப் பக்கத்துக் கேள்வி ஒன்றின் வரலாறு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மதுரைப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "தம்பிக்கு ட்ரிபிள் ஈயா, ஈசிஇயா?" ஒன்று கரண்டு, இன்னொன்று சிக்னல் என்று மாமா ஒருத்தர் ஒரே வரியில் விளக்கியும் விடுவார். இந்தப் பாகப்பிரிவினை எப்போ நடந்தது, தேர்ந்தெடுக்கிற உரிமை யார் கையில இருந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவை இவை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் வந்தது 1930இல். தொலைத்தொடர்புப் பொறியியல் 1945இல்தான். அதாவது கரண்டு அண்ணன், சிக்னல் தம்பி. நம்ம ஊர்க் கதை இன்னும் தாமதம். 1952இல் காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி வந்தது. மதுரைக்கென்று ஒன்று வர 1957 ஆச்சு. மில் முதலாளியான கருமுத்து தியாகராசர் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி தொடங்கினார். அதே 1957 ஜூலை 1ஆம் தேதிதான் சென்னை மாகாண மின்வாரியமும், நாம் 'ஈபி' என்று சொல்கிறோமே, அதுவும் பிறந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் இந்தத் தற்செயல்தான் அடுத்த முப்பது வருஷத்துக்கு எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையனின் தலையெழுத்தைத் தீர்மானித்தது என்று எனக்குப் படுகிறது.

அப்போ இந்தச் சமவெளியில் என்ன நடந்துகொண்டிருந்தது? கிராமம் கிராமமாகக் கம்பம் நடுகிறார்கள். கவலை இறைத்த கிணறுகளில் பம்புசெட் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்பில், பெரியாறு நீர்மின் நிலையம் 1950களின் கடைசியில் ஓட ஆரம்பிக்கிறது. மதுரை மில்களில் நூற்றுக்கணக்கான மோட்டார்கள். மின்மாற்றி, மோட்டார், மின்கடத்தல் என்று பாடத்திட்டம் இருந்ததற்குக் காரணம் கல்வித் தத்துவம் ஒன்றும் இல்லை. வேலை அங்கேதான் இருந்தது. இதில் 'தேர்வு' என்ற சொல்லுக்கே இடம் குறைவு.

அமெரிக்காவில் இந்த அண்ணன் தம்பி சண்டை நமக்கு முன்பே நடந்து முடிந்தது. மின்சக்திக்காரர்கள் ஒரு சங்கம், ரேடியோக்காரர்கள் இன்னொரு சங்கம் என்று தனித்தனியாக இருந்தவர்கள் 1963இல் ஒன்றாகச் சேர்ந்தார்கள். இன்றைய ஐ.இ.இ.இ. அப்படி வந்ததுதான். அங்கே சுவர் இடிந்தபோது இங்கே நாம் கட்டிக்கொண்டிருந்தோம்!

இதற்கு நடுவே குரோம்பேட்டையில் வேறு மாதிரி ஒரு சோதனை. சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி., பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு விமானவியல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல், கருவியியல் என்று சொல்லிக்கொடுத்தது. எழுத்தாளர் சுஜாதா எலெக்ட்ரானிக்ஸ் படித்தது அங்கேதான். ராமேஸ்வரத்திலிருந்து போன அப்துல் கலாம், முதல் வருஷம் முடிந்த பிறகே விமானவியலைத் தேர்ந்தெடுத்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார். கல்லூரியில் நிறுத்தியிருந்த பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. இந்த வரிசை முக்கியம்: முதலில் பார்த்தார், பிறகு தேர்ந்தெடுத்தார்.

பிற்பாடு நாம் இதைத் தலைகீழாக மாற்றினோம். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளை அனுமதித்தது, அந்த வருஷமே நுழைவுத் தேர்வும் வந்தது. 1997இலிருந்து ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங். சீட் விற்பனையைக் குறைத்தது, ஏழைப் பிள்ளைக்கும் மார்க்கை வைத்து இடம் கொடுத்தது. அந்தப் புண்ணியத்தை மறுக்கவே முடியாது. ஆனால் எப்படித் தேர்ந்தெடுத்தோம்? உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் ராத்திரி ரயிலேறி, சர்டிபிகேட் பையோடு கிண்டியில் இறங்கி, திரையில் குறைந்துகொண்டே வரும் காலியிட எண்களைப் பார்த்தபடி அப்பாவும் பிள்ளையும் சில நிமிஷத்தில் முடிவெடுக்கணும். ஓம் விதியைத் தாண்டி எதையும் பார்த்திராத பதினேழு வயசு. கட்-ஆஃப் எதைக் கொடுத்ததோ அதுவே 'விருப்பம்' ஆனது. ஐ.டி. கம்பெனிகள் எல்லா பிராஞ்சிலிருந்தும் ஆள் எடுக்க ஆரம்பித்ததும், என்ன படித்தால் என்ன என்ற எண்ணமும் கூடவே வந்தது. 2018இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனதால் ரயில் செலவு மிச்சம். முடிவு இப்போ பிரவுசிங் சென்டரில் நடக்கிறது.

இந்தக் கதையில் ஒரு திருப்பத்தைப் பலர் கவனிக்கவில்லை. அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டம் எலெக்டிவ் பாடங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஈசிஇ பையன் சிப் வடிவமைப்புப் பக்கமும் போகலாம், சிக்னல் பிராசசிங், விண்வெளி, ஏன், கடலுக்கடித் தொழில்நுட்பம் பக்கமும் போகலாம். ட்ரிபிள் ஈயில் மின்வாகனமும் எம்பெடட் சிஸ்டமும் தனிக் கொத்துகள். கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் வேறு துறையில் மைனர் பட்டமும் உண்டு. பார்த்த பிறகு தேர்ந்தெடுக்கிற அந்தக் குரோம்பேட்டை வரிசை, மூன்றாம் வருஷத்தில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்தும் பல இடங்களில் வீணாகிறது. பட்டியலில் இருப்பதெல்லாம் வகுப்பில் நடக்காது. எடுக்க ஆசிரியர் வேண்டும், போதுமான பேர் சேரவும் வேண்டும். நாற்பது பேரும் மார்க் சுலபமாக வரும் பேப்பரைக் கேட்டால் துறை அதைத்தான் நடத்தும். மின்வாகனம் எடுக்க நினைக்கும் ஒருத்தர் மட்டும் என்ன செய்ய முடியும்? நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, எலெக்டிவ் அறிவிப்பு வருவதற்கு முந்தின செமஸ்டரிலேயே துறைத் தலைவரிடம் போய்க் கேட்கணும். அறிவிப்பு வந்த பிறகு போனால் ஆசிரியருக்கு வேலைப் பங்கீடு முடிந்திருக்கும்.

இன்னொன்று, கொத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸை அரியரில் வைத்துக்கொண்டு சிக்னல் பிராசசிங் கொத்தை எடுப்பது நீச்சல் தெரியாமல் வைகை அணையில் குதிப்பது மாதிரி. மின்வாகனத்துக்கோ மெஷின்ஸும் வேணும், பவர் எலெக்ட்ரானிக்ஸும் வேணும், அதை ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராமும் வேணும். மாமா சொன்ன கரண்டும் சிக்னலும் அந்த ஒரு வண்டிக்குள்ளேயே ஒன்றாகக் கிடக்கின்றன.