பெரணியின் வாசனை
சென்ட் சேர்க்க ஆரம்பித்த புதிதில் நாலு பாட்டில் வாங்கினேன். நாலும் கிட்டத்தட்ட ஒரே வாசனை. காசு போச்சே என்று நொந்துபோய்த் துருவியதில், நாலுக்கும் பாட்டன் ஒருவர்தான் என்று தெரிந்தது: 1882-இல் ஊபிகான் நிறுவனத்துக்காக பால் பார்க்கே உருவாக்கிய 'ஃபூஜேர் ரோயால்'.

ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணி. பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனையே கிடையாது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, கூமரின் எல்லாம் கலந்து அவராக ஒன்றைக் கற்பனை செய்துவிட்டார். டோங்கா விதையில் இருக்கும் கூமரினுக்குக் காய்ந்த புல்லின் மணம். 1868-இல் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டியவர் வில்லியம் பெர்கின். 18 வயதில் செயற்கைச் சாயம் கண்டுபிடித்தாரே, அதே ஆள்.

இப்போதெல்லாம் கையில் அடித்துக்கொண்டு அரைமணி நேரம் வெளியே சுற்றுகிறேன். லாவெண்டர் அடங்கி அந்தப் புல் மணம் எழுந்தால், கடைக்குத் திரும்புவதில்லை. ஐந்தாவது பேரன் வேண்டாம்.