கம்பியும் கத்திரியும்

செராஸில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில், வெட்பாலைக்கு உறவான ‘அந்திங் புத்ரி’ ஒன்று தட்டில் நிற்கிறது; உயரம் ஒரு முழம். அதன் தண்டில் திருகாணிப் புரி போன்ற தழும்பு. நான்கு மாதம் கம்பியைக் கழற்ற மறந்ததன் சாட்சி அது.

தட்டில் மரம் வளர்க்கும் கலை சீனத்தில் பிறந்தது. 706-இல் எழுப்பப்பெற்ற இளவரசர் சாங்ஹுவாய் கல்லறையின் சுவரோவியத்தில், பணியாளர் அத்தகைய தட்டை ஏந்தி வருவதைக் காண்கிறோம். ஜப்பானியர் அக்கலையைப் போன்சாய் என்றனர். முற்காலத்தில் கிளைகளை நாரால் கட்டியே வளைத்தனர். செம்புக் கம்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகுதான். தீயில் காய்ச்சி ஆறவிட்ட செம்பு இளகியிருக்கும், வளைத்ததும் இறுகும். அந்தக் குணமே கிளையைப் பிடித்து நிறுத்துகிறது.

ஜப்பானில் குளிர்காலத்தில் மரம் உறங்கும். நம் நாட்டில் அதற்கு உறக்கம் ஏது? தண்டு பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். வெப்பம் மிகுந்த குவாங்டோங் மாநிலத்தார் வளர்த்த லிங்னான் முறையில் கத்திரியே முதன்மை: வெட்டு, வளரவிடு, மீண்டும் வெட்டு. கோலாலம்பூர்ச் சீனருள் பலருடைய முன்னோர் அம்மாநிலத்தவரே. நம் வெயிலுக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆண்டுகள் பல ஆகும், அவ்வளவுதான்.

நண்பரோ கம்பியை விடுவதாயில்லை. இப்போது வாரந்தோறும் பார்க்கிறார். கழற்றும்போது சுற்றை அவிழ்ப்பதில்லை, கிளை ஒடிந்துவிடுமென்று துண்டு துண்டாக நறுக்கி எடுக்கிறார்.