பெட்ரா: படத்துக்கு வெளியே நிற்கிற நகரம்

பெட்ரா எண்டதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒரே படம்தான். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவால் தெரியும் இளஞ்சிவப்பு முகப்பு. அதன் பெயர் அல் கஸ்னே, அதாவது கருவூலம். உண்மையில் அது கருவூலம் இல்லை. சுமார் 2000 வருடங்களுக்கு முன் நபாத்திய அரபிகள் பாறையில் குடைந்த கல்லறை என்பதே பொதுவான கருத்து. உச்சியில் இருக்கிற கல் தாழிக்குள் புதையல் இருக்குது எண்டு நம்பி பெதுயின்கள் சுட்ட அடையாளங்கள் இப்பவும் தெரியுது. தாழியோ முழுக்கல்!

நகரத்தின் உண்மையான புதையல் தண்ணீர்தான். முகப்புக்குப் போகும் 'சிக்' என்ற ஒடுங்கிய பாதை சுமார் 1.2 கிலோமீற்றர் நீளம். அதில் நடக்கும்போது நாங்கள் அதிகம் படம் எடுத்தது சுவரோரம் ஓடும் வாய்க்காலைத்தான். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய கால்வாய், மற்றப் பக்கம் சுடுமண் குழாய்கள். ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தது இவைதான். சாம்பிராணி வணிகத்தில் பணம் வந்திருக்கலாம். ஆனால் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்க இந்த வாய்க்கால் வேண்டும்.

வெள்ளத்தையும் அவர்கள் மறக்கவில்லை. சிக்கின் வாசலில் அணை கட்டி, மழைவெள்ளத்தைச் சுரங்கம் குடைந்து வேறுபக்கம் திருப்பினார்கள். காலப்போக்கில் அணை அழிந்தது. 1963இல் திடீர் வெள்ளம் சிக்குக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் பழைய அணை இருந்த இடத்திலேயே புது அணை எழுந்தது.

கி.பி. 106இல் ரோமர் பெட்ராவைத் தங்கள் பேரரசோடு இணைத்தார்கள். 363இல் நிலநடுக்கம். வணிகப் பாதைகளும் மாறின. 1812இல் சுவிஸ் பயணி பர்க்ஹார்ட் பெட்ராவை 'கண்டுபிடித்தார்' எண்டு பாடப்புத்தகங்கள் சொல்லும். அவரைக் கூட்டிக்கொண்டு போனதே அந்தப் பகுதி ஆள்தான். ஊர்ச்சனத்துக்குத் தெரிந்த இடத்தை வேறொருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வி பழங்கதை இல்லை. ப்தூல் பெதுயின் குடும்பங்கள் பெட்ராவின் குகைகளிலேயே குடியிருந்தன. 1985இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக அறிவித்தது. அந்தக் காலத்திலேயே அரசு அவர்களைப் பக்கத்தில் கட்டிய உம் சைஹூன் கிராமத்துக்கு மாற்றியது. வீடும் மின்சாரமும் கிடைத்தது உண்மை. ஆனால் நேற்றுவரை வீடாக இருந்த குகை பார்வையிடமாகிப் போச்சு. இண்டைக்கு அவர்களில் பலர் அதே பாறைகளுக்கு நடுவில் தேநீர் விற்கிறார்கள், கழுதையிலும் ஒட்டகத்திலும் பயணிகளை ஏற்றுகிறார்கள்.

கல்லைக் காப்பாற்ற வேண்டும், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. அந்தக் கல்லோடு வாழ்ந்த சனத்தையும் மரபுரிமைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி.