ஊர்க் கதையை ஆன்லைனில் சொல்ல மியூசியங்களுக்கு அரசுப் பணம்: கனடாவின் 20 ஆண்டு அனுபவம் சொல்வது என்ன?

கனடாவின் பல சிற்றூர்களில் ஒரு பழைய ரயில் நிலையமோ, மூடிப்போன பள்ளிக்கூடமோதான் மியூசியம். கோடையில் சில மாதங்கள் திறந்திருக்கும், பனிக்காலம் வந்தால் பூட்டு. கவனித்துக்கொள்வது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அங்கே இருக்கும் பழைய போட்டோக்களும், ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பதிவான ஒலிநாடாக்களும் பக்கத்து ஊருக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட கதைகளை இணையத்துக்குக் கொண்டுவர கனடா அரசு 2001-லேயே தனித் திட்டம் தொடங்கியது. அந்த அனுபவத்தில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இணையக் கண்காட்சியை உருவாக்குவது ஒரு வேலை. யார் கதையை யார் சொல்லலாம் என்று முடிவெடுப்பதும், பணம் தீர்ந்த பிறகும் அதை உயிரோடு வைத்திருப்பதும் அதைவிடப் பெரிய வேலை.

என்ன திட்டம் இது?

2001-ல் தொடங்கியபோது இதன் பெயர் 'கனடா மெய்நிகர் அருங்காட்சியகம்'. பெயர்தான் அருங்காட்சியகம், கட்டடம் எதுவும் கிடையாது. நாடு முழுவதும் உள்ள மியூசியங்கள் உருவாக்கும் இணையக் கண்காட்சிகளுக்கு ஒரு பொது வாசல், அவ்வளவுதான்.

முதலில் இதை நடத்தியது அந்நாட்டின் கலாசாரத் துறை. 2014-ல் பொறுப்பு கனடா வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மாறியது. தலைநகர் ஒட்டாவாவுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் கட்டினோ நகரில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் அது. 2020-ல் திட்டத்தின் பெயர் 'டிஜிட்டல் மியூசியம்ஸ் கனடா' ஆனது.

எவ்வளவு பணம்? யாருக்கு?

புதிய பெயரில் வந்தபோது அறிவிக்கப்பட்ட வரம்பு, ஒரு திட்டத்துக்கு 15,000 முதல் 2,50,000 கனடிய டாலர் வரை. நம்ம கணக்கில் சுமார் 9 லட்சம் ரூபாயில் தொடங்கி ஒன்றரைக் கோடி வரை வரும். லாப நோக்கமில்லாத மியூசியங்கள், மரபுரிமை அமைப்புகள், பூர்வகுடி அமைப்புகள் விண்ணப்பிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது சின்ன அமைப்புகளுக்கான தனிப் பிரிவு. 'கம்யூனிட்டி ஸ்டோரீஸ்' என்ற அந்தப் பிரிவு, முழுநேர ஊழியர்கள் 5 பேருக்கு மேல் இல்லாத அமைப்புகளுக்காக வந்தது. பெரிய மியூசியங்களோடு ஒரே வரிசையில் நிற்க வைத்தால் சின்ன ஊர்கள் தோற்றுப்போகும் என்பதால்தான் தனி வரிசை.

இந்தப் பிரிவில் இணையதளத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டியதில்லை. தயாராக இருக்கும் ஒரு அமைப்பில் கதை, படம், ஒலி, வீடியோவைச் சேர்த்தால் போதும். கணினி தெரிந்த ஆளைத் தேடி அலையும் செலவு மிச்சம்.

பணத்தோடு வரும் நிபந்தனைகள்

முதல் நிபந்தனை மொழி. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள். எனவே கண்காட்சி இரண்டிலும் இருக்க வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கும் இடம் உண்டு. மொழிபெயர்ப்புக்கும், அதைச் சரிபார்ப்பதற்கும் ஆகும் செலவை ஆரம்பத்திலேயே கணக்கில் வைக்காவிட்டால் பட்ஜெட் அங்கேயே உதைக்கும்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். பார்வையற்றவர் திரைவாசிப்பு செயலியில் கேட்பதற்கு ஒவ்வொரு படத்துக்கும் விளக்க எழுத்து வேண்டும். காது கேளாதவருக்கு வீடியோவில் சப்டைட்டில் வேண்டும். மவுஸ் இல்லாமல் கீபோர்டு மட்டும் வைத்தே எல்லாப் பக்கத்துக்கும் போக முடிய வேண்டும்.

மூன்றாவது, உரிமை. மியூசியத்தில் ஒரு போட்டோ இருப்பதாலேயே அதை உலகத்துக்கே காட்டும் உரிமை மியூசியத்துக்கு வந்துவிடாது. எடுத்தவரிடமோ அவர் வாரிசிடமோ பதிப்புரிமை இருக்கலாம். போட்டோவில் இருப்பவரின் குடும்பத்துக்கு அதை வெளியிடுவதில் விருப்பம் இல்லாமலும் இருக்கலாம்.

கதை யாருடையது?

இந்த உரிமைச் சிக்கலுக்கு நல்ல உதாரணம், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகிழக்கில் வாழும் டேன்-ஸா மக்களின் கண்காட்சி. டோயிக் ரிவர் பூர்வகுடிச் சமூகம் 2007-ல் இந்தத் திட்டத்தின் நிதியில் அதை உருவாக்கியது. 'டேன் வஜிச்' என்பது அதன் பெயர். பெரியவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றிச் சொன்ன கதைகளும் பாடல்களும் அதில் இருந்தன.

டேன்-ஸா மரபில் 'கனவு காண்பவர்கள்' எனப்படும் ஆன்மிக வழிகாட்டிகள் உண்டு. அவர்கள் வரைந்த ஓவியங்களின் படங்களும் கண்காட்சிக்காகத் தயாராயின. ஆனால், அவற்றைப் பொதுவெளியில் காட்டுவது சரியா, அதற்கு அனுமதி தரும் உரிமை யாருக்கு என்ற கேள்வி சமூகத்துக்குள் எழுந்தது. பேசிப் பார்த்து, அந்த ஓவியப் படங்களை நீக்கிவிட முடிவெடுத்தார்கள்.

இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று சம்பந்தப்பட்ட மக்களே தீர்மானித்தார்கள். அதே மாகாணத்தின் ஸ்கௌலிட்ஸ் சமூகம் பின்னர் உருவாக்கிய கண்காட்சியில் இன்னொரு வழி தெரிந்தது. இந்த அறிவு யாருடையது, இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அடையாளக் குறிகளை அந்தச் சமூகம் தன் கண்காட்சியிலேயே சேர்த்தது.

இதே கேள்வி மற்ற நாடுகளிலும் இருக்கிறது. பிரிட்டனில் லாட்டரி வருமானத்திலிருந்து மரபுரிமைத் திட்டங்களுக்குப் பணம் தரும் 'நேஷனல் லாட்டரி ஹெரிட்டேஜ் ஃபண்ட்', தன் நிதியில் உருவாகும் டிஜிட்டல் படைப்புகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வெளியிடச் சொல்கிறது. பொதுப் பணம் பொதுமக்களுக்கே என்பது நியாயமான வாதம்தான். ஆனால் புனிதமான பொருளுக்கும் தனிப்பட்ட நினைவுக்கும் அதே விதி பொருந்தாது. அதனால் அங்கேயும் விதிவிலக்கு கேட்க வழி உண்டு.

பணம் தீர்ந்த பிறகு என்ன ஆகும்?

பெரும்பாலான நிதியுதவிகள் கண்காட்சி வெளியாகும் வரைதான். அதன் பிறகும் டொமைன் பெயருக்குப் பணம் கட்ட வேண்டும், சர்வர் வாடகை தர வேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

இணையத்தின் ஆரம்ப ஆண்டுகளில் அசையும் படம், விளையாட்டு என்றாலே 'ஃப்ளாஷ்' மென்பொருள்தான். 2020 டிசம்பர் 31-ல் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அத்துடன், ஃப்ளாஷில் செய்து மாற்றப்படாமல் இருந்த பக்கங்கள் உலகம் முழுவதும் பிரவுசர்களில் திறக்காமல் போயின.

இதற்கு இன்னும் பழைய பாடம் ஒன்று பிரிட்டனில் உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் 1086-ல் எடுத்த நிலக் கணக்கெடுப்புதான் 'டூம்ஸ்டே புக்'. அதன் 900-வது ஆண்டையொட்டி 1986-ல் பிபிசி ஒரு டிஜிட்டல் பதிப்பைக் கொண்டுவந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் கொடுத்தார்கள். எல்லாம் லேசர் டிஸ்க்கில் பதிவானது.

பதினைந்து வருஷம்கூட முழுசாகப் போகவில்லை, அந்த டிஸ்க்கை ஓட்டும் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஆய்வாளர்கள் போராடித்தான் தகவல்களை மீட்டார்கள். 2011-ல் அதன் ஒரு பகுதி இணையத்துக்கு வந்தது. தோலில் மையால் எழுதிய 1086-ம் ஆண்டுப் புத்தகமோ இன்றும் திறந்து படிக்கும் நிலையில் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

எந்த நாட்டில், எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும் ஒரு சின்ன மியூசியம் முதலில் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை:

1. இந்தக் கதைக்குச் சொந்தக்காரர்கள் திட்டத்தில் இருக்கிறார்களா? வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டா?

2. ஒவ்வொரு படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் எழுத்துப்பூர்வமான அனுமதி இருக்கிறதா?

3. மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், விளக்க எழுத்து ஆகியவற்றுக்கான செலவு பட்ஜெட்டில் இருக்கிறதா?

4. ஐந்து வருஷம் கழித்து இந்தப் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? மூல போட்டோ, ஒலி, எழுத்து எல்லாம் தனியாக இன்னொரு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், இழப்பு இணையதளத்தோடு நிற்காது. அந்தக் கதையைச் சொன்ன பெரியவர் அதற்குள் இறந்து போயிருக்கலாம். மறுபடியும் நிதி வாங்கி பக்கத்தைக் கட்டிவிடலாம். அவர் குரலைத் திரும்பப் பதிவு செய்ய முடியாது.