தலைமடையில் ஒரு கேள்வி

பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் கடைசியில் செம்பரம்பாக்கத்தில் சேரும். அங்கே சுத்திகரித்து, குழாய் வழியே சென்னைக்கு. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதை எனக்கு ஒரே வரியில் சொன்னார்: “நாமதாம்ப்பா தலைமடை. ஆனா குடிக்கிறது மெட்ராசு.”

சென்னைக் குடிநீரின் வரலாறே இந்த வரிதான் என்று பிறகு தோன்றியது.

1772இல் தோண்டிய ஏழு கிணறு இருந்தது கறுப்பர் நகரத்தில். தண்ணீர் போனது வெள்ளையர் கோட்டைக்கு. நூறு வருடம் கழித்து, 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. திறந்த கால்வாய், வடிகட்டவும் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் வந்தது 1914இல்.

அந்தக் காலத்தில் தண்ணீர் மாநகராட்சியின் பொறுப்பு. குழாயில் வெறும் காத்து வந்தால் கவுன்சிலர் வீட்டு வாசலில் குடத்தை வைக்கலாம். 1939இல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்காக விடாமல் போராடி, 1940இல் வேலையைத் தொடங்கிவைத்தார். 1944இல் அணை திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நகரம் தன் தாகத்துக்குத் தானே பொறுப்பேற்ற தருணம் அது. அணை மட்டும் நகரத்துக்கு வெளியே, கொசஸ்தலை ஆற்றில்.

1978இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையை விட்டு, மாநில அரசு உருவாக்கிய தனி வாரியத்துக்குப் போயின. நாம ‘மெட்ரோ வாட்டர்’ என்று சொல்வது அதைத்தான். குடத்தை வைக்க வேண்டிய வாசல் கொஞ்சம் தள்ளிப்போனது.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே வருடக் கடைசியில் கோயம்பேட்டில் ஒரு ஆலை இயங்கத் தொடங்கியது. சென்னையின் கழிவுநீரை எதிர் சவ்வூடு பரவல் முறையில் சுத்தம் செய்து, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்பும் ஏற்பாடு. ஏரித் தண்ணீர் கிழக்கே போகிறது. நகரம் பயன்படுத்திய தண்ணீர் மேற்கே திரும்புகிறது.

இதை நான் கேலி செய்யவில்லை. கார் கம்பெனிக்கு ஏரித் தண்ணீர் எதுக்கு? கழிவுநீரே போதும் என்பது நல்ல கணக்கு. ஆனால் போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு கிராமம் இருக்கிறது. கம்பெனி அந்த வாரியத்தின் வாடிக்கையாளர். சென்னைக்காரர் அதன் நுகர்வோர். அந்தப் பெரியவர் யார்?

வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கலங்கல் வழியாது. அந்தக் கால்வாயை வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். பொதுச் சொத்து என்றால், குழாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் அதில் ஒரு சொல் இருக்க வேண்டாமா?

அவரிடம் குடம் இருக்கிறது. எந்த வாசலில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.