மூசெம்: காற்றுக்கு முந்திய சொல்

மொராக்கோவின் மெக்னெஸ் நகரில், ஆண்டுதோறும் நபிகள் நாயகம் பிறந்த நாளையொட்டி, ஈசாவா நெறியைத் தொடங்கிய சீதி முகம்மது பின் ஈசாவின் அடக்கத்தலத்தை நோக்கிக் கொடியும் குழலும் முரசுமாகக் குழுக்கள் வந்து சேர்கின்றன. இந்த விழாவை மக்கள் மூசெம் என்கிறார்கள். ஏட்டு அரபியில் மவ்சிம். இதே சொல்தான் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'மான்சூன்' ஆனது; இந்தியில் 'மௌசம்' என வானிலையைக் குறிக்கிறது. நமக்குப் பழகியது மழைப்பொருள் என்பதால் மூசெமைப் 'பருவ விழா' என்று பெயர்த்துவிடத் தோன்றும். அது வரலாற்றைத் தலைகீழாக்குவது.

அரபியில் இச்சொல்லின் வேர் அடையாளமிடுவதைக் குறிப்பது. ஒட்டகத்துக்குப் போடும் சூட்டுக்குறி 'வஸ்ம்'. அப்படிக் குறித்துவைத்த காலமே மவ்சிம். இஸ்லாத்துக்கு முன் உக்காழில் கூடிய சந்தைக்கும் பின்னர் ஹஜ்ஜுக்கும் இப்பெயர் வழங்கியது. இரண்டிலும் பேச்சு மனிதர் கூடுவதைப் பற்றியது, மேகத்தைப் பற்றியதல்ல. 15ஆம் நூற்றாண்டுக் கடலோடி இப்னு மாஜித் எழுதும் மவ்சிமும் எந்தத் துறையிலிருந்து எப்போது பாய் விரிக்கலாம் என்ற நாட்கணக்குதான். அந்த நாளைக் காற்று தீர்மானித்ததால், நாளின் பெயர் ஐரோப்பியர் வாயில் காற்றுக்கும் மழைக்கும் ஏறியது.

மொராக்கோ நாட்டுப்புறத்தில் பல மூசெம்கள் அறுவடைக்குப் பின்தானே வருகின்றன என்று கேட்கலாம். உண்மைதான், களத்தில் தானியமும் கையில் காசும் இருக்கும்போதுதான் ஊர் கூட முடியும். ஆனால் அது நாளைத் தேர்ந்த காரணம், சொல்லின் பொருளன்று. மெக்னெஸ் விழா சந்திர நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. கொளுத்தும் கோடையிலும் குளிர்மழையிலும் அதன் பெயர் மூசெம்தான். மூசெம் என்றால் இறைநேசர் நினைவுநாள் என்று சுருக்கவும் முடியாது. அசீலா நகரில் முகம்மது பின் ஈசா என்ற அதே பெயர் கொண்ட அரசியலாளரும் ஓவியர் முகம்மது மெலேஹியும் 1978இல் தொடங்கிய கலைவிழாவில் அடக்கத்தலம் இல்லை. பழைய நகரின் வெள்ளைச் சுவர்களில் ஓவியர்கள் வரைகிறார்கள். துனிசியாவின் கார்தேஜ் விழா 'மஹ்ரஜான்' என்ற பாரசீக வழிச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்க, அசீலா உள்ளூர் வழக்கான மவ்சிமையே தேர்ந்தது. மொழிபெயர்ப்போர் இனி 'பருவ விழா' என்பதைக் கைவிட்டு, மூசெம் என்றே எழுதட்டும்.